படங்களை யார் வீட்டில் வைப்பது: சேலம் புகைப்படக் குழு ஒன்றின் மூன்று மாதச் சோதனை

எங்கள் புகைப்படக் குழுவின் லேப் அண்ணன் காலமாகி ஒன்பதாம் நாள் அவருடைய மகள் எனக்குப் போன் செய்தார். "அண்ணா, அப்பா எடுத்த மூக்கனேரி படம் ஒண்ணை பெருசா பிரிண்ட் போட்டு காரியத்தன்னைக்கு வைக்கணும்னு அம்மா சொல்றாங்க. உங்க குழுவுல இருக்குமில்லீங்களா?" இருக்கும்மா, சாயங்காலம் அனுப்புகிறேன் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் தேடினால் இல்லை. குழுவில் அவர் போட்ட இணைப்பு இருக்கிறது, அதைத் தொட்டால் சாம்பல் நிறக் கட்டம்தான் வருகிறது. பல வருடங்களாக எல்லோரும் ஒரே இலவசச் சேவையில்தான் படங்களை ஏற்றிவந்தோம். அந்தச் சேவை ஒருநாள் இலவச அளவைக் குறைத்தது. மின்னஞ்சலில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அண்ணன் மின்னஞ்சல் பார்க்கும் ஆள் இல்லை. மிஞ்சியது வாட்ஸப்பில் வந்த பிரதி, நீளப் பக்கம் 1,600 பிக்சல். 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூட வராது. பிரிண்ட் போடும் லேப்களில் 300 கேட்பார்கள். கடைசியில் அந்தச் சின்னப் படத்தையே 4க்கு 6 அளவில் போட்டுக் கொடுத்தோம். அவர்கள் யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

நாமே ஒரு படத்தளம் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அந்த வாரம்தான் குழுவில் எழுந்தது. மூன்று மாதம் வைத்தும் பார்த்தோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழு இருந்து, இதே கேள்வி வந்தால் பயன்படும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

குழுவைப் பற்றி

எங்களுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சங்கமாகப் பதிவு செய்ததும் இல்லை. ஞாயிறு காலையில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் பறவை எடுக்கப் போன நாலைந்து பேரில் தொடங்கியது. இன்றைக்கு ஐந்து ரோட்டில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துபவர், ஆத்தூர் ஆசிரியர் ஒருவர், ஏற்காட்டு மலையில் நாகலூர் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி, கல்லூரிப் பிள்ளைகள் என்று கலந்து கிடக்கிறோம். நேரில் பார்ப்பது மாதம் ஒருமுறை. மற்றதெல்லாம் இணையத்தில்தான். யாராவது ஒருவர் படம் போடுவார், மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். "இடது மூலையில் அந்த வெள்ளைச் சட்டை கண்ணை இழுக்குதுங்க, அரை அடி வலப்பக்கம் நகர்ந்திருந்தா மறைஞ்சிருக்கும்" என்கிற மாதிரிப் பேச்சு.

அந்தப் பேச்சுதான் எங்கள் சொத்து. படங்கள் காணாமல் போனபோது இதை இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டோம். வெள்ளைச் சட்டையைப் பற்றி எழுதியது இருக்கிறது, வெள்ளைச் சட்டை இல்லை. 2010-ல் ஊர்மக்கள் கூடி மூக்கனேரியைத் தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் போட்டு மரம் நட்டார்கள். அதற்கு முன்பு ஏரி எப்படிக் கிடந்தது என்று அண்ணன் எடுத்த வரிசையும் அதோடு போயிற்று.

வெளியில் நடந்தவை

முதலில் மற்ற இடங்களில் என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தோம். படம் பகிரும் தளமான ஃப்ளிக்கர் 2004-ல் கனடாவின் வான்கூவரில் தொடங்கியது. மறு வருடமே யாஹூ வாங்கியது. 2013-ல் ஆளுக்கு 1 டெராபைட் இலவசம் என்று அறிவித்தார்கள். 2018 ஏப்ரலில் ஸ்மக்மக் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே வருடம் நவம்பரில் இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்றார்கள், 2019-ல் அதற்கு மேல் இருந்தவற்றை அழிக்கத் தொடங்கினார்கள். ஐந்தே வருடத்தில் 1 டெராபைட் 1,000 படமாகச் சுருங்கிவிட்டது. இன்னொரு படத்தளமான ஃபோட்டோபக்கெட் 2017-ல், படங்களை வேறு தளங்களில் காட்ட வருடத்துக்கு 399.99 டாலர் என்றது. உலகம் முழுக்கப் பழைய உரையாடல்களில் படம் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகை நின்றது. இடம் குறித்த படங்களுக்கென்றே இருந்த பனோராமியோ 2016-ல் மூடப்பட்டது. கூகுள் ஃபோட்டோஸ் 2015-ல் கொடுத்த அளவில்லா இலவசம் 2021 ஜூன் 1-ல் நின்றது.

இவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. வட்டுக்கும் மின்சாரத்துக்கும் ஆள் சம்பளத்துக்கும் காசு வேண்டும். ஆனால் இலவசம் என்பது அவர்களுக்கு வேண்டியபோது தொடங்கி, வேண்டியபோது முடிவது. நம்முடைய பத்து வருடப் பேச்சை அதன்மேல் கட்டிவைத்தது நம் தவறு.

வைத்துப் பார்த்தது

குழுவில் ஒரு தம்பி பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். "அண்ணா, நான் போட்டுத் தர்றேன்" என்றான். என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று அவன்தான் தேடிச் சொன்னான். பிவிகோ 2002-லிருந்து இருக்கிறது, குழுக்கள் ஆல்பம் வைக்க ஏற்றது. பிக்சல்ஃபெட் 2018-ல் வந்தது, இன்ஸ்டாகிராம் மாதிரி ஓடும், ஆனால் வெவ்வேறு ஊர்க்காரர்கள் தனித்தனியாக நடத்தும் தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இம்மிச் 2022-ல் வந்தது, குடும்பப் படங்களைக் காத்துவைக்க நல்லது. எல்லாமே திறந்தமூலம், மென்பொருளுக்குக் காசு இல்லை. அவற்றைப் போன்ற ஒன்றை 1 ஜிபி நினைவகம் உள்ள ஒரு வாடகைச் சர்வரில் நிறுவினான். மார்ச் தொடங்கி மே வரை சோதனை.

முதல் வாரமே ஒன்று தெரிந்தது. ஸ்டுடியோக்காரர் ஏற்றிய படங்கள் ஒன்றும் வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. தளம் ஓடும் நிரல்மொழியான பிஎச்பி-யில் ஒரு கோப்புக்கு இயல்பாக 2 எம்பிதான் அனுமதி. அவருடைய ஜேபெக் ஒவ்வொன்றும் 9, 10 எம்பி. தம்பி அந்த அளவைக் கூட்டினான். கூட்டியதும் அடுத்த சிக்கல். 24 மெகாபிக்சல் படம் வட்டில் 10 எம்பிதான், ஆனால் சிறு படம் செய்வதற்காக அதை விரித்தால், வழக்கமாகப் பயன்படும் இமேஜ்மேஜிக் கருவிக்கு ஒரு பிக்சலுக்கு 8 பைட் வேண்டும். 24 மில்லியனை எட்டால் பெருக்கினால் 192 எம்பி. மே மாதம் ஏற்காடு மலர்க்காட்சிக்குப் போய்வந்த ஞாயிறு இரவு ஆளாளுக்கு ஒரே நேரத்தில் ஏற்றினார்கள். ஐந்து படம் ஒன்றாக விரிந்தாலே 1 ஜிபி தீர்ந்துவிடும். சர்வர் படுத்துவிட்டது. விடிந்து தம்பி எழுந்தபிறகுதான் அதுவும் எழுந்தது.

நிறத்தில் வந்தது இன்னொரு பாடம். நாகலூர் தம்பி காப்பிப் பழம் படம் போட்டிருந்தான். பழுத்த பழத்தின் சிவப்பு அவன் திரையில் ரத்தம் மாதிரி இருந்தது, தளத்தில் வெந்த செங்கல் மாதிரி வந்தது. சிறு படங்களின் எடையைக் குறைக்க, கோப்பில் ஒட்டியிருக்கும் எல்லாத் தகவலையும் உரித்துவிடச் சொல்லி நாங்கள் அமைத்திருந்தோம். அதோடு, நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நிறச் சுயவிவரமும் போய்விட்டது. அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற வகையில் உள்ள படத்திலிருந்து சுயவிவரத்தை எடுத்துவிட்டால் உலாவி அதைச் சாதாரண எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக் காட்டும், நிறம் வெளுக்கும். சரி, எதையும் உரிக்க வேண்டாம் என்று மாற்றினோம்.

அந்த மாற்றம்தான் பெரிய தவறாகிவிட்டது. ஏற்காட்டில் கிளியூர் அருவிப் பக்கம் ஒருவர் போனில் எடுத்த பறவைக் கூட்டின் படம் தளத்தில் இருந்தது. போன் படம் என்பதால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கோப்புக்குள்ளேயே இருந்தது. படத்தை இறக்கிய யாரும் வரைபடத்தில் அந்த மரத்தடியைப் பார்க்கலாம். இரண்டு நாள் கழித்து மலையில் உள்ள உறுப்பினர் ஒருவர் போன் செய்து, மூன்று பேர் கேமராவோடு நேராக அந்த மரத்துக்கு வந்து நிற்கிறார்கள், தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றார். உடனே படத்தைத் தளத்திலிருந்து நீக்கினோம். அந்தக் கூடு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கூடு, குஞ்சு, காட்டுமாடு, ஆர்க்கிட் எதுவானாலும் இடத்தைச் சொல்லக் கூடாது என்று புதிதாக வருபவர்களுக்கு நாங்களே வகுப்பெடுப்பவர்கள். எங்கள் தளமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. நிறச் சுயவிவரத்தை வைத்துக்கொண்டு இடக்குறிப்பை மட்டும் நீக்குவது ஒரு வரி வேலைதான். அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காசுக் கணக்கு

கூட்டத்தில் எல்லோரும் பயந்தது செலவுக்கு. போட்டுப் பார்த்தால் பயப்படும்படி இல்லை. 300 பேர், ஆளுக்கு மாதம் 10 படம், படம் 10 எம்பி என்று வைத்தால் மாதம் 30 ஜிபி, வருடம் 360 ஜிபி, ஐந்தாம் வருட முடிவில் 1,800 ஜிபி. நாங்கள் பார்த்தபோது அமேசானின் மும்பைச் சேமிப்பில் 1 ஜிபிக்கு மாதம் 2.5 சென்ட். ஆக 45 டாலர், ரூபாயில் நாலாயிரத்தை ஒட்டி வரும். ஆளுக்கு மாதம் 20 ரூபாய், ஒரு தட்டுவடை செட் சாப்பிடும் காசு, வசூலித்தால் 6,000 சேரும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. வைத்திருப்பதற்கு 2.5 சென்ட் என்றால், அதே 1 ஜிபியை வெளியே எடுத்துப் பார்வையாளருக்குக் காட்ட 11 சென்ட் வரை ஆகும். ஒரு படம் பரவலாகப் பகிரப்பட்டால் அந்த மாதப் பில் எகிறும். கிளவுட்ஃப்ளேரின் ஆர்2 போன்ற சேமிப்புச் சேவைகள் வெளியே எடுக்கக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால் அதற்கும் வழி இருக்கிறது. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்குப்படி மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்று வைத்தாலும் குழுவால் தாங்க முடியும். ஆகவே காசு இல்லை என்ற காரணத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரவு பத்தரை மணி

எங்களை நிறுத்தியது ஒரு போன்கால். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் முந்தின வருடம் எடுத்த ஆல்பம் ஒன்றை ஒருவர் தளத்தில் ஏற்றியிருந்தார். அதில் சாமி வந்து ஆடும் ஒரு பெண்ணின் படம். ஒளியும் கணமும் அருமையாக அமைந்த படம், நானே பாராட்டி எழுதியிருந்தேன். ஒரு வியாழக்கிழமை இரவு பத்தரைக்கு அந்தப் பெண்ணின் அண்ணன் போன் செய்தார். சத்தம் போடவில்லை. "தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துட்டிருக்கோம். அந்தப் படம் எல்லார் போன்லயும் சுத்துதுங்க. தயவுபண்ணி எடுத்துடுங்க" என்றார்.

எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குக் கடவுச்சொல் தெரியாது. தம்பிக்குத்தான் தெரியும். அவனுக்கு மறுநாள் தேர்வு, போனை அணைத்து வைத்திருந்தான். வெள்ளி மதியம்தான் பிடிக்க முடிந்தது. படத்தை எடுத்தும் அதன் சிறு பிரதி சனிக்கிழமை காலை வரை சர்வரில் தங்கியிருந்தது. அந்த ஒன்றரை நாளில் அவர் ஆறு முறை கூப்பிட்டார். ஆறு முறையும் "பார்த்துட்டிருக்கோங்க" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகுதான் படித்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 79-ஆம் பிரிவு, மற்றவர்கள் போட்டதற்கு இடம் கொடுத்தவரைப் பொறுப்பிலிருந்து விலக்குகிறது. ஆனால் உரிய கவனத்தோடு நடந்திருந்தால்தான். 2021 பிப்ரவரியில் வந்த விதிகள்படி குறை கேட்கும் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் வெளியே தெரிய இருக்க வேண்டும், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு அதற்கென ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு யார்? பதிவு செய்யாத குழு என்பதால் சர்வரும் இணைய முகவரியும் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும். அந்தத் தலை இருபத்தொரு வயதுப் பையனுடையது. அவன் பெயரில் வாங்கியதே எங்கள் கவனக்குறைவு.

ஜூனில் அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. மகிழ்ச்சியாக வழியனுப்பினோம். அதற்கடுத்த கூட்டத்தில் நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: இரவு பத்தரைக்கு வரும் போனை எடுக்கவும், மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அன்றைக்கே போடவும், ஐந்து வருடத்துக்கு இரண்டு பேர் கைதூக்க முடியுமா? ஸ்டுடியோக்காரர் ஒருவர்தான் தூக்கினார். அவருக்கு முகூர்த்த நாட்களில் சாப்பிடவே நேரம் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

என்ன செய்தோம்

யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஏற்றும் தளத்தை மூடினோம். அதற்குப் பதிலாகச் சொந்த இணைய முகவரியில் ஒரு சிறிய காட்சிக்கூடம் வைத்திருக்கிறோம். மாதக் கூட்டத்தில் 40 படம் தேர்வாகும். நீளப் பக்கம் 2,048 பிக்சல், நிறச் சுயவிவரம் இருக்கும், இடக்குறிப்பு இருக்காது. ஆட்களின் முகம் தெரியும் படமானால் எடுத்தவர் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே குழுவில் அதைப் பற்றி வந்த நல்ல விமர்சனம் நாலைந்தைத் தட்டச்சு செய்து சேர்க்கிறோம். தரவுத்தளம், உள்நுழைவு, பிஎச்பி எதுவும் இல்லை. வெறும் எச்டிஎம்எல் பக்கங்களும் ஜேபெக் கோப்புகளும்தான். உடைத்து நுழைய அதில் கதவே குறைவு.

இதன் எடையைப் பாருங்கள். வருடத்துக்கு 480 படம், படத்துக்கு 700 கேபி என்றால் 336 எம்பி. பத்து வருடம் சேர்ந்தாலும் 3.5 ஜிபியைத் தாண்டாது. ஒரு பென் டிரைவில் அடங்கும். தை மாதக் கூட்டத்தில் விரும்பியவர்களுக்கெல்லாம் மொத்தத்தையும் பிரதி எடுத்துக் கொடுக்கிறோம். சர்வர் போனால் யார் வீட்டு அலமாரியிலிருந்தும் அரைநாளில் திரும்ப ஏற்றலாம். முகவரிக்கு ஐந்து வருடக் கட்டணம் முன்பணமாகக் கட்டியாயிற்று. தளத்தின் கடவுச்சொல் சேலத்தில் ஒருவரிடம், ஆத்தூரில் ஒருவரிடம், ஏற்காட்டில் ஒருவரிடம் இருக்கிறது. படத்தை நீக்கச் சொல்லும் புகார் இந்த மூவரில் யாருக்கு முதலில் தெரிந்தாலும் கேள்வி கேட்காமல் இறக்கிவிட்டு அப்புறம் பேசலாம் என்று எழுதிவைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் எழுதி வாங்குகிறோம். பதிப்புரிமை எடுத்தவருக்கே. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவர் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை உண்டு. அந்த 60 ஆண்டுக்கு யாரிடம் கேட்பது? அதனால் படிவத்தில் "எனக்குப் பின் இவரிடம் கேளுங்கள்" என்று ஒரு வரி. முதல் கூட்டத்தில் அந்த வரியை நிரப்பும்போது யாரும் பேசவில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கல்லூரிப் பெண் ஒருவர், "இது மியூசியம் மாதிரி இருக்கு. நேத்து எடுத்ததை நேத்தே போடணும், நாலு பேர் பார்க்கணும்" என்றார். அவர் சொல்வது நியாயம். அன்றாடப் பகிர்வுக்கு இன்ஸ்டாகிராமும் வாட்ஸப்பும் இருக்கட்டும், அவை போனாலும் நமக்கு நஷ்டமில்லாதபடி இருந்தால் போதும் என்பது என் எண்ணம். நாகலூர் தம்பி கேட்டதுதான் என்னைத் திணறவைத்தது. "மூலக் கோப்பு அவங்கவங்ககிட்ட இருக்கட்டும்னு சொல்றீங்கண்ணா. என்கிட்ட கம்ப்யூட்டரே இல்லையே. போன் தொலைஞ்சா?" கணினி உள்ளவர்களை வைத்தே நாங்கள் விதி போட்டிருந்தோம். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து ரோடு ஸ்டுடியோவில் வட்டு நாள் வைக்கிறோம். போனையோ கார்டையோ கொண்டுவந்தால் மூலப் படங்களைக் குழுவின் வட்டில் ஒன்றும் அவர்கள் கையில் ஒன்றுமாகப் பிரதி எடுத்துக் கொடுப்போம். அவன் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அதற்காகவே வருகிறான். சொந்தத் தளம் வைத்திருந்தாலும் இந்த வேலை மிச்சமாகியிருக்காது, ஏனென்றால் மலையில் சிக்னல் இருக்கும் லட்சணத்துக்கு 10 எம்பி கோப்புகளை ஏற்றவே அவனால் முடிந்ததில்லை.

தளம் நடத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரவுப் போனை எடுக்க இரண்டு பேர், அதுவும் வெவ்வேறு வீட்டில், நிஜமாகவே இருந்தால் நடத்தலாம். குழு பதிவு பெற்றிருந்தால் இன்னும் நல்லது. எல்லோரும் பயன்படுத்தலாம் என்று உரிமையை விட்டுக்கொடுக்கத் தயாரான ஆவணப் படங்களுக்கு, உதாரணமாகச் சேர்வராயன் மலையின் செடிகொடிகளுக்கும் ஏரிகளுக்கும், 2004-லிருந்து நடக்கும் விக்கிமீடியா காமன்ஸ் நம் தளத்தைவிட நல்ல வீடு. எங்களில் சிலர் அங்கேயும் ஏற்றுகிறார்கள்.

லேப் அண்ணன் படத்துக்கு வருகிறேன். அவர் பெரும்பகுதி ஃபிலிமில் எடுத்தவர். ஸ்கேன்தான் அழிந்ததே தவிர நெகட்டிவ் இருக்க வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். போன ஐப்பசியில் அவர் மகள் பரண் ஒழித்தபோது நான்கு தகர டப்பா கிடைத்தது. ஆறு ஆறு ஃப்ரேமாக வெட்டி உறையில் போட்டு, உறைமேல் தேதியும் இடமும் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். வட்டு நாளில் எல்இடி பலகைமேல் வைத்து மேக்ரோ லென்ஸால் ஒவ்வொன்றாக எடுத்துவருகிறோம். இரண்டாம் டப்பாவில் "மூக்கனேரி, தண்ணி இல்லை" என்று ஓர் உறை இருந்தது. 12க்கு 18 போட்டுக் கொடுத்துவிட்டோம். இப்போது மூன்றாம் டப்பா ஓடுகிறது.